ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் போகிற போக்கில் வரும் விஷயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் ஹோம்ஸிடம் உதவி கேட்டு வரும் ஹெலன் ஸ்டோனர் டாக்-கார்ட்டில் வந்ததாக ஹோம்ஸ் சொல்கிறாரே, நாய் இழுக்கும் வண்டியா?

பதில்: குதிரை வண்டிதான். இரண்டு சக்கரம், மேலே கூண்டு கிடையாது, வேட்டை நாய்களைக் கொண்டுபோக இருக்கைக்கு அடியில் பெட்டி இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஹெலனின் சட்டையில் இடது கைப்பக்கம் ஏழு இடத்தில் சேறு, இன்னும் காயக்கூட இல்லை. ஓட்டுபவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் இப்படிச் சேறு அடிக்கும் என்கிறார் ஹோம்ஸ். 1892 பிப்ரவரியில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் இதைப் படித்தவர்கள் அந்த வண்டியைத் தெருவில் பார்த்துப் பழகியவர்கள், அவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஒரு குறிப்பு புரியவில்லை என்றால் உடனே ரகசியம் தேடாதீர்கள், முதலில் அந்தக் காலத்து வீட்டையும் தெருவையும் பாருங்கள்.

கேள்வி: கேஸோஜீன் என்றால்?

பதில்: வீட்டிலேயே சோடா தயாரிக்கும் கண்ணாடிக் குடுவை.

கேள்வி: ஹோம்ஸ் தன் நண்பர் வாட்சனிடம் சொல்லும் ‘எலிமென்டரி, மை டியர் வாட்சன்’ எந்தக் கதையில் வருகிறது?

பதில்: ஹோம்ஸை உருவாக்கிய கானன் டாயில் எழுதிய எந்தக் கதையிலும் இல்லை. படத்தில் கேட்டதைக் கதையில் தேடாதீர்கள்.

கேள்வி: ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் பாம்புக்குப் பால் வைக்கிறார்களே, பாம்பு பால் குடிக்குமா?

பதில்: அதன் உணவு பால் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம், மறுநாள் பார்த்தால் இருப்பதில்லையே?

பதில்: மண் உறிஞ்சிவிடும். தண்ணீர் காட்டாமல் வாடவிட்ட பாம்பு தாகத்தில் எதிரே இருக்கும் பாலைக் குடித்துவிடும், அதைக் காட்டித்தான் ஊரை நம்ப வைக்கிறார்கள்.

கேள்வி: அப்போது கதையே தப்புதானே?

பதில்: விலங்கியல் தப்பு, சரி. இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பபூன்கூட ஆப்பிரிக்க, அரேபியக் குரங்கு. ஆனால் அந்தப் பால் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஹெலனின் மாற்றாந்தந்தை அறையில், இரும்புப் பெட்டி மேல் ஒரு சின்னக் கிண்ணம். பூனை இருக்கிறதா என்று ஹோம்ஸ் கேட்க, பூனை இல்லை, சிவிங்கிப்புலியும் பபூனும் உண்டு என்கிறாள் ஹெலன். சிவிங்கிப்புலியும் பெரிய பூனைதான், ஆனால் இத்தனூண்டு பால் அதற்கு எந்த மூலைக்கு என்கிறார் அவர். அந்த அறையில் இன்னும் சிறிய உயிர் ஒன்று இருக்கிறது என்பதற்கான தடயத்தை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார் ஆசிரியர். எனக்கு அந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: பாம்பு மகுடிக்கு ஆடுகிறதே சார்?

பதில்: மகுடி அசைவதைப் பார்த்து ஆடுகிறது. பாம்பு போதும், கதைக்கு வாருங்கள்.

கேள்வி: டாக்-கார்ட்டை எத்தனை நாய் இழுக்கும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொய்ரோ கதைகளில் ஒரு சந்தேகம்...

பதில்: பொய்ரோவை எழுதிய அகதா கிறிஸ்டியை ஆழமாகப் படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வாட்சனுக்குக் குண்டு பட்டது தோளிலா காலிலா? படத்தில் நொண்டுகிறாரே.

பதில்: மறுபடியும் படம்! 1887-இல் வந்த முதல் நாவலில் தோள், 1890-இல் வந்த இரண்டாவதில் கால். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.