திமிங்கிலத்துக்கும் பருவம் தப்புமா?

கேள்வி: இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் படகேறி வாந்தி எடுத்ததுதான் மிச்சம், திமிங்கிலத்தைக் காணவில்லை. காலநிலை மாற்றமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு பயணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், தங்கச்சி. நானும் இஞ்சி டொபியைச் சப்பிக்கொண்டு வெறுங்கடலைப் பார்த்து வந்தவன்தான். எங்கள் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவத்துக்குப் போவதில்லை. வட இந்து சமுத்திரத்திலேயே இரை தேடி அலைகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே பார்க்கலாம்.

பசிபிக்கில்தான் கதை வேறு. சாம்பல் திமிங்கிலம் மெக்சிகோவில் குட்டி ஈன்று, கோடையில் ஆர்க்டிக் போய், அடிச்சேற்றை உறிஞ்சிக் கூனி போன்ற சிற்றுயிர்களை வடித்துத் தின்னும். வெப்பம் கூடிக் கடற்பனி குறைந்தால் அதனடியில் வளரும் பாசி குறையும். பாசி கடலடிக்கு விழாவிட்டால் கூனிக்குத் தீனியில்லை. 2016இல் ஏறக்குறைய 27,000 இருந்த இந்தத் திமிங்கிலங்கள் 2023இல் சுமார் 14,500தான். மெலிந்து கரையொதுங்கியவை பல.

அடுத்தமுறை கொழும்பிலிருந்து புறப்படும் முதல்நாள் இரவு கொத்துரொட்டி வேண்டாம்.