ஜிமெயிலை ஹேக் செய்து மீட்பு எண்ணையும் மாற்றிவிட்டார்கள், திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மூன்று நாள் முன்பு யாரோ என் ஜிமெயிலுக்குள் புகுந்து பாஸ்வேர்டையும் மீட்பு மொபைல் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். இதைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதியதும் ஒருவர் வந்து, பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளை முதலில் பிளாக் செய்யுங்கள். கணக்கு போய்விட்டது என்று பதறுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இவர்கள் தொழில். முன்பணம் என்பார்கள், அப்புறம் சாஃப்ட்வேர் கட்டணம் என்பார்கள், கடைசியில் உங்கள் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள், அதையும் கொடுத்தால் இன்னொரு கணக்கும் போகும். கூகுள் கணக்கை மீட்கக் கட்டணமே கிடையாது, வெளியாள் யாராலும் மீட்டுத் தரவும் முடியாது.

மூன்று நாள்தான் ஆகிறது என்பது நல்ல செய்தி. மீட்பு எண்ணை யாராவது மாற்றினாலும், பழைய எண்ணுக்கும் பழைய மீட்பு மெயிலுக்கும் 7 நாள் வரை கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கிறது. அதனால் இன்றே கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். எங்கிருந்து முயற்சி செய்கிறீர்கள் என்பது இங்கே ரொம்ப முக்கியம்: வழக்கமாக ஜிமெயில் பார்க்கும் அதே போன் அல்லது கம்ப்யூட்டர், அதே பிரௌசர், அதே வைஃபை. விபிஎன் (நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் செயலி) இருந்தால் அணைத்துவிடுங்கள். நண்பர் வீட்டு லேப்டாப்பிலிருந்து முயன்றால் கூகுளின் கண்ணுக்கு நீங்களும் அந்தத் திருடனும் ஒன்றுதான். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால், பழையதாக இருந்தாலும் போடுங்கள், எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாதீர்கள்.

உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள் பலர். எனக்குக் கவலையே அங்கேதான். கம்ப்யூட்டர் பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) பகுதியையும் ஃபார்வர்டிங் (வேறு முகவரிக்கு அனுப்புவது) பகுதியையும் பாருங்கள் (மொபைல் செயலியில் ஃபில்டர்கள் தெரியாது). உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ‘பாஸ்வேர்டு’ என்ற சொல் இருக்கும் மெயில் வந்த நொடியே குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் வைத்திருக்கலாம். அப்படி வைத்துவிட்டு உங்கள் ஷாப்பிங் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால், எச்சரிக்கை மெயில் வந்ததே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வைக்காத எதையும் அழியுங்கள். அப்புறம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் தெரியாத சாதனங்களை வெளியேற்றி, தெரியாத செயலிகளுக்கு இருக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். மற்ற கணக்குகளெல்லாம் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்று அழுத்தினால் இந்த மெயிலுக்குத்தான் வந்து நிற்கும். அதனால் இதைச் சுத்தம் செய்யாமல் வங்கிக் கணக்கையோ ஃபேஸ்புக்கையோ மாற்றிப் பயனில்லை.

சரி, எப்படி நுழைந்திருப்பார்கள்? பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைப்பதுதான் வழி. எங்கோ ஒரு சின்ன இணையதளத்திலிருந்து கசிந்த மெயிலையும் பாஸ்வேர்டையும் மென்பொருள் வைத்து மற்ற தளங்களில் எல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். இணையப் பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால், தெரியவந்த கசிவுகளில் அது இருக்கிறதா என்று இலவசமாகவே காட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றும் பழைய வழக்கம் தேவையில்லை, அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமாக, கணக்குக்கு ஒன்றாக இருக்கட்டும். நினைவில் வைக்கும் வேலையை பாஸ்வேர்டு மேனேஜரிடம் (பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பும் செயலி) விடுங்கள். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. பார்க்க அசல் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் நாம் ஏமாறுவோம், ஆனால் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மேனேஜர் தானாக நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் நீங்களும் கையால் தட்டாதீர்கள்.

பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். எதுவுமே இல்லாமல் இருப்பதற்கு எஸ்எம்எஸ் ஓடிபி மேல், ஆனால் சிம் ஸ்வாப் செய்து உங்கள் எண்ணையே தன் சிம்முக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருப்பதால் போனுக்குள்ளேயே கோடு உருவாக்கிக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி அதைவிட நல்லது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது போன் லாக் மூலம் நுழையும் முறை) வைக்க முடிந்தால் அதுதான் என் முதல் தேர்வு. போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. கூடவே கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அதுதான் கைகொடுக்கும், அதனால் போன் கேலரியில் படமெடுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்று. மொபைல் எண்ணை மாற்றப் போகிறீர்கள் என்றால், பழைய சிம்மை விடுவதற்கு முன்பே எல்லாக் கணக்குகளிலும் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள். கொஞ்ச காலம் கழித்து நிறுவனம் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும், உங்கள் மீட்பு கோடுகளும் அவருக்கே போகும்.