தொட்டியைக் கழுவிய நான்காம் நாள் மீன் சாவது ஏன்?

கேள்வி: வீட்டில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. இப்போது உள்ளவை மூன்று தங்கமீன், நான்கு மோலி, இரண்டு ஏஞ்சல். முதல் ஒன்றரை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், எப்போதாவது ஒரு வாளி மாற்றுவேன், அவ்வளவுதான். ஆறு மாதமாகத்தான் ஒழுங்காகப் பராமரிக்கிறேன். மாதம் ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கல்லை அலசி வெயிலில் காயவைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீரை விடுகிறேன். மூன்று நாள் மீன்கள் நன்றாக நீந்துகின்றன. அப்புறம் மந்தமாகி, மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பிறகு ஒன்று செத்துவிடுகிறது. இதுவரை ஐந்து போய்விட்டன. உடம்பில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றியும் நிற்கவில்லை. இது என்ன நோய்?

பதில்: உங்கள் மீன்களுக்கு நோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விவரத்தை நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்: கவனிக்காமல் விட்ட ஒன்றரை வருடம் சாவு இல்லை, அக்கறையாகக் கழுவத் தொடங்கிய பிறகுதான் சாவு. அதுவும் கழுவிய அன்றைக்கே இல்லை, மூன்று நாள் கழித்து. இந்த மூன்று நாள்தான் துப்பு.

மீன் செத்தால் நான் முதலில் கேட்பது எப்போது செத்தது என்பதைத்தான். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் என்றால் குளோரினையோ, தண்ணீரின் சூட்டில் வந்த திடீர் மாற்றத்தையோ சந்தேகிப்பேன். விடியற்காலையில் மேலே வந்து திணறினால் ஆக்சிஜன் பற்றாக்குறை. ஒரே நாளில் மொத்தமும் மிதந்தால் விஷம்: அறையில் அடித்த கொசு மருந்து, கையில் ஒட்டியிருந்த சோப்பு, அப்படி ஏதாவது. கழுவி மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒன்றிரண்டாகப் போனால் அமோனியா.

மீன் தன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். தொட்டியில் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வழவழவென்று ஒட்டியிருக்கிறதே, அந்தப் படலம்தான் அவற்றின் வீடு. நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது அதைத்தான். மீதி இருந்ததைக் குழாய்த் தண்ணீரின் குளோரினும் வெயிலும் முடித்துவிட்டன. சில சாதாரண பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரண்டு மடங்காகும். இவை இரட்டிப்பாகவே ஒரு நாள் போல ஆகும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுமையாக அமைய நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நீங்கள் மாதம் ஒருமுறை கழுவுகிறீர்கள். அதாவது உங்கள் தொட்டி ஆறு மாதமாகப் புதுத் தொட்டியாகவே இருக்கிறது.

தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம். அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நைட்ரைட். அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அதனால்தான் ஏர் பம்ப் ஓடினாலும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அமோனியா என்றால் செவுள் எரிந்ததுபோல் செக்கச் சிவந்திருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல், அமோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பி.எச். எதற்கு என்றால், ஒரே அளவு அமோனியாவில் விஷமான பங்கு அதைப் பொறுத்தே ஏறுகிறது. 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல் போய்விடும்.

அந்த நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருக்கும். பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஃபில்டரில் துளிர்க்கத் தொடங்கிய பாக்டீரியாவையும் அது கொல்லும். இனி ஊற்றாதீர்கள். ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் மிச்சம் இருப்பதை உறிஞ்சிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரே வேளை. தினமும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், தொட்டித் தண்ணீரின் அதே சூட்டில். பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் சில இடங்களில் அதற்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள். அது லேசில் போகாது. அதனால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்ப்பதே பாதுகாப்பு. நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பை வெளியே கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பது குறையும். நோயில்லாத தொட்டிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று கிட் காட்டத் தொடங்கிய பிறகு, வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். கல்லை வெளியே எடுக்கவே வேண்டாம். குழாயால் உறிஞ்சும்போது கல் இடுக்கில் இருக்கும் கழிவும் வந்துவிடும். தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும் ஸ்பாஞ்சை எடுத்து, இறைத்த அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை அமுக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது. பழையபடி வற்றியதை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பதும் சரியல்ல. அப்படி விட்ட தொட்டியில் நைட்ரேட் சேரும், பி.எச். மெல்ல இறங்கும், அப்புறம் ஒருநாள் மொத்தத் தண்ணீரையும் மாற்றினால் மீன் அதிர்ச்சி தாங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தொட்டியின் கணக்கு சுமார் 57 லிட்டர் என்றாலும், கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் இருக்கும். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். மூன்று அதில் அதிகம். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேண்டும். முடிந்தால் தங்கமீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது இடம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் எதுவும் வாங்க வேண்டாம். இத்தனைக்கும் பிறகு மீன் மெலிந்து, முதுகு வளைந்து சாக ஆரம்பித்தால் அது வேறு சங்கதி. மீன் காசநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி மனிதத் தோலிலும் தொற்றும், ஆகவே கையில் காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மீன் மருத்துவரிடம் காட்டுங்கள்.