ஹோக்கிட்டிக்கா: போற வழியில எட்டிப் பாத்துட்டு வர்ற ஊர் இல்ல

கேள்வி: நாங்க நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல இருக்கோம். பிப்ரவரில திருநெல்வேலில இருந்து அப்பா அம்மா வர்றாங்க. ரெண்டு பேருக்கும் எழுபது வயசு பக்கம், அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம் வேற. அப்பாவுக்குப் பழைய தங்கச் சுரங்க ஊர் பாக்கணும், ஆத்துல தங்கம் அரிச்சுப் பாக்கணும்னு ரொம்ப ஆசை. மேற்குக் கரையில இருக்கற ஹோக்கிட்டிக்காவுக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா? சுரங்கத்துக்குள்ள இறங்கிப் பாக்க முடியுமா? கிடைக்கற தங்கத்தை நாமளே வெச்சுக்கலாமா? கடல்ல குளிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், கடல்ல இறங்கவே வேண்டாம். கரை ரொம்ப அழகா இருக்கும், ஆனா அது டாஸ்மன் கடல், அலை கரை பக்கத்துலயே வந்து ஒடியும், உள்ள இழுக்கற நீரோட்டம் பலமா இருக்கும். கால் நனைக்கறதுகூட அலை எட்டாத தூரத்துல நின்னு ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு அப்புறம் செஞ்சா போதும். ஆறு கடல்ல கலக்கற இடத்துல மணல்திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும். தங்கம் தேடி வந்த காலத்துல எத்தனையோ கப்பல் அந்தத் திட்டுல தட்டி உடைஞ்சு போச்சு. அதுக்கு நினைவா ஆத்து முகத்துலயே ஒரு கப்பல் வடிவம் கட்டி வெச்சிருக்காங்க, அப்பாவை அங்க கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.

அடுத்து, ஒரே நாள்ல போயிட்டு வரலாமான்னா, போலாம், ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஆர்தர்ஸ் பாஸ்ங்கற மலைக்கணவாய் வழியா 250 கிலோமீட்டர் பக்கம் வரும், நிக்காம ஓட்டினாலே மூணேகால், மூணரை மணி நேரம், வயசானவங்களோட டீக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்தி, காஸில் ஹில் பாறைங்களைப் பாத்து, ஓட்டிரா பாலத்தைப் பாக்கற மேட்டுல இறங்கி ஒரு போட்டோ எடுத்துன்னு போனா அஞ்சு மணி நேரம் ஆயிடும், அங்க போய்ச் சேந்ததும் திரும்பற கவலைதான் இருக்கும். நிறைய பேர் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு பாக்கப் போற வழியில இங்க மத்தியானம் சாப்பிட்டு, மணிக்கூண்டு முன்னாடி ஒரு படம் எடுத்துட்டு, "ஊர்ல ஒண்ணுமே இல்ல"ன்னு கிளம்பிடறாங்க. எனக்கு அதைக் கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். ரெண்டு ராத்திரி தங்குங்க. அதுக்குக் கீழ போனா இந்த ஊர் உங்களுக்குப் பிடிபடாது.

ஏன்னா இங்க தங்கம் இருந்த விதமே வேற. அப்பா மனசுல கோலார் மாதிரி ஆழமா குழி வெட்டி லிஃப்ட்ல இறங்கற சுரங்கம் இருக்கும்னு நினைக்கறேன். ஹோக்கிட்டிக்காவுல அப்படி எதுவும் கிடையாது. மலையில இருந்த தங்கத்தைப் பனியாறுகளும் வெள்ளமும் லட்சக்கணக்கான வருஷமா அரைச்சுக் கீழ கொண்டு வந்து, ஆத்துச் சரளையிலயும் கடற்கரைக் கருமணல்லயும் கலந்து போட்டுடுச்சு. அதனால இங்க தோண்டினவங்க பெரும்பாலும் ஆத்தங்கரையில, காட்டு ஓடையில, கடற்கரையிலதான் தோண்டினாங்க. கட்டடமும் அப்படித்தான், மரமும் கூடாரத் துணியும் வெச்சு அவசரத்துல கட்டினது, தீ கொஞ்சம் கொண்டு போச்சு, கடல் கொஞ்சம் கொண்டு போச்சு, மீதியைக் காலம் கொண்டு போச்சு. பழைய ஊரை அப்படியே நிறுத்தி வெச்சிருக்கற இடம்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க. தங்கத்தோட தடயம் ஊருக்குள்ள கொஞ்சம்தான், சுத்தி இருக்கற ஓடையிலயும் காட்டுலயும்தான் நிறைய.

கதையைச் சுருக்கமா அப்பாவுக்குச் சொல்லி வெச்சிடுங்க, போய் நிக்கும்போது அவருக்குச் சுவாரசியமா இருக்கும். 1864ல தாராமகாவ் ஆத்துப் பக்கம் பச்சைக்கல், அதாவது ஜேட், தேடிட்டிருந்த ரெண்டு மாவோரிக்காரங்க (நியூசிலாந்தோட பூர்வகுடிங்க), இஹாயா தைனுயியும் அவர்கூட இருந்த ஒருத்தரும், ஒரு பெரிய பச்சைக்கல் பாறைக்கு அடியில தங்கத்தைப் பாத்தாங்க. அந்த வருஷம் டிசம்பர்லயே ஹோக்கிட்டிக்கா ஆத்துக்குள்ள முதல் நீராவிக் கப்பல் வந்துடுச்சு. ரெண்டே வருஷத்துல ரெவல் தெரு முழுக்க ஹோட்டல், நூறு ஹோட்டல் பக்கம் இருந்துச்சுன்னு சொல்வாங்க, ஆஸ்திரேலியாவோட விக்டோரியா தங்கவயல்ல இருந்து நேரா இங்க கப்பல் ஏறி வந்தவங்க ஆயிரக்கணக்குல. இப்போ ஊர்ல மூவாயிரம் பேர் பக்கம்தான். ஆத்தோரம் கிப்சன் கீன்னு ஒரு பழைய கப்பல்துறை இருக்கு, சமதளமான நடைபாதை, அம்மாவும் தாராளமா நடக்கலாம். சாயங்காலம் அங்க ஆரம்பிச்சு ஆத்து முகம் வரைக்கும் நடந்துட்டு, சூரியன் கடல்ல இறங்கறதைப் பாத்துட்டு வாங்க, பிப்ரவரில அது எட்டரை ஒன்பது மணி ஆயிடும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இந்த மேற்குக் கரை நிலத்தை அரசாங்கம் 1860ல அங்க இருந்த மாவோரி மக்கள்கிட்ட இருந்து வெறும் 300 பவுண்டு பணத்துக்கு எழுதி வாங்குச்சு. அடுத்த நாலு வருஷத்துல தங்கம். அப்பா மாதிரி ஆர்வமானவங்க தங்கக் கதையை இதையும் சேத்துதான் கேக்கணும்னு நான் நினைக்கறேன்.

இப்போ தங்கம் அரிக்கற விஷயம். ஆமா, அரிக்கலாம், கிடைக்கறதை வெச்சுக்கவும் செய்யலாம், ஆனா எங்க வேணா இல்ல. பொதுமக்கள் அரிக்கறதுக்குன்னே அரசாங்கம் சில இடங்களை ஒதுக்கி விட்டிருக்கு, அங்க லைசென்ஸ் வேண்டாம், காசு வேண்டாம், ஒரே கண்டிஷன் கைக்கருவி மட்டும்தான், மோட்டார், பம்பு எதுவும் கூடாது. மத்த ஓடைங்க பலதும் யாரோ ஒருத்தரோட குத்தகையில இருக்கும், இன்னிக்கும் இந்தப் பக்கம் ஆளுங்க மெஷின் வெச்சுத் தங்கம் எடுத்துட்டுதான் இருக்காங்க, அதுக்குள்ள தெரியாமப் போய்க் கால் வெச்சாலும் வம்புதான்.

உங்களுக்கு நான் சொல்ற இடம் ராஸ். ஹோக்கிட்டிக்காவுல இருந்து தெற்க அரை மணி நேரம், சின்ன ஊர், ஜோன்ஸ் க்ரீக்னு ஒரு ஓடை ஊருக்குள்ளயே ஓடுது, அதுதான் பொது இடம். அங்க இருக்கற தகவல் மையத்துல தட்டு, மண்வெட்டி வாடகைக்குக் கிடைக்கும், திறந்திருக்கான்னு முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க. 1909ல இந்த ராஸ்லதான் ஜான் ஸ்காட், ஆர்தர் ஷார்ப்னு ரெண்டு பேருக்கு 3.1 கிலோ எடையில ஒரே கட்டியா தங்கம் கிடைச்சுது, அதுக்கு ஹானரபிள் ராடின்னு அப்போ இருந்த சுரங்க மந்திரி பேரையே வெச்சாங்க, நியூசிலாந்துல கிடைச்சதுலயே பெருசு அதுதான். 1911ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டுக்குப் பரிசா அனுப்பினாங்க, அரண்மனையில உருக்கிட்டாங்கன்னு சொல்றாங்க.

அரிக்கறது எப்படின்னு அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம், அரிசியில கல் அரிக்கற அதே கைப்பக்குவம்தான், வித்தியாசம் என்னன்னா இங்க அடியில தங்கறதுதான் நமக்கு வேணும். தங்கம் தண்ணியை விடப் பத்தொன்பது மடங்கு கனம், சாதாரண மணல் ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதனால தட்டுல சரளையை அள்ளி, தண்ணிக்குள்ளயே வெச்சு முதல்ல நல்லாக் குலுக்கணும், அப்போ கனமானது அடிக்குப் போயிடும், அப்புறம் லேசாச் சாச்சு மேல இருக்கற மணலைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடணும், நடுநடுவுல மறுபடி குலுக்கணும். அவசரப்பட்டுச் சாச்சா தங்கமும் சேந்து போயிடும். கடைசில கருமணல் ஒரு கோடு மாதிரி நிக்கும், அதோட விளிம்புல மஞ்சளா ஒரு பொட்டு தெரிஞ்சா அதான். ஓடை நடுவுல அள்ளாதீங்க, தண்ணி வேகம் குறையற இடம் பாருங்க, பெரிய பாறைக்குப் பின்னாடி, வளைவோட உள்பக்கம், அடிப்பாறை வெளிய தெரிஞ்சா அதுல இருக்கற இடுக்கு. மேல் மணலை விட்டுட்டு ஒரு முழம் கீழ போங்க. என்ன கிடைக்கும்னா தூள்தான், ரெண்டு மூணு மினுக்கு கிடைச்சாலே அப்பாவுக்கு அன்னிக்குத் தூக்கம் வராது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கையில வெச்சிருங்க. தண்ணி பிப்ரவரிலயும் ஜில்லுன்னுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கோங்க, அம்மா உக்கார ஒரு மடக்கு நாற்காலி.

ராஸ்ல ஒரு ஏரி இருக்கும், பாக்க இயற்கையான ஏரி மாதிரியே தெரியும், ஆனா அது தங்கம் தோண்டின திறந்தவெளிக் குழி, 2004 வாக்குல வேலை நின்னதும் தண்ணி நிரம்பிடுச்சு. பக்கத்துலயே சீனத் தொழிலாளிங்க நினைவா ஒரு தோட்டம் இருக்கு. மத்தவங்க விட்டுட்டுப் போன மண்ணைத் திரும்ப அரிச்சு பொழைச்சவங்க அவங்க, அவங்களுக்கு மட்டும் 1881ல தலைவரி போட்டாங்க, ஆளுக்கு 10 பவுண்டு, 1896ல அது 100 பவுண்டு. அந்த வரியை நூறாக்கினப்போ பிரதமரா இருந்தவர் ரிச்சர்ட் செடான், இந்தத் தங்கவயல்ல கடையும் சாராயக்கடையும் வெச்சு மேல வந்தவர், அவரோட சிலை ஹோக்கிட்டிக்காவுல நிக்குது. 2002ல அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சு. பொழைக்கறதுக்காக வேற தேசம் வந்த நாமெல்லாம் அந்தத் தோட்டத்துல ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கணும்.

ராஸ்ல பழைய தண்ணிக்கால்வாய் தடத்துல ஒரு சுத்து நடை இருக்கு, ஒரு மணி நேரம் ஆகும், ஏத்தம் இறக்கம் உண்டு, அப்பா போலாம், அம்மாவுக்கு வேண்டாம்.

ஹோக்கிட்டிக்கா கார்ஜ், அதான் எல்லாரும் போட்டோவுல பாக்கற அந்த நீலத் தண்ணி ஓடற மலையிடுக்கு, ஊர்ல இருந்து 33 கிலோமீட்டர். பனியாறு அரைச்ச பாறைத்தூள் தண்ணியில மிதக்கறதாலதான் அந்த நிறம். பெரிய மழை பேஞ்சா ஒண்ணு ரெண்டு நாளைக்குச் சாம்பல் நிறமா ஓடும், அந்தச் சமயம் போனவங்கதான் "போட்டோவுல ஏமாத்தறாங்க"ன்னு எழுதறாங்க. அதனால கார்ஜுக்குன்னு நாளை முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க. இந்தக் கரையில வருஷத்துக்கு கிட்டத்தட்ட 2,900 மில்லிமீட்டர் மழை, பிப்ரவரி பரவாயில்லை ஆனா உத்தரவாதம் கிடையாது. போய்ச் சேந்ததும் வானிலையைப் பாருங்க, மறுநாள் வெயில்னா காலைலயே கார்ஜ், மழைன்னா ராஸும் பௌனாமு (பச்சைக்கல்) கடைங்களும். முதல் பார்வை மேடை வரைக்கும் பாதை நல்லா இருக்கும், அம்மா அங்க உக்காந்து பாக்கலாம், தொங்குபாலம் தாண்டிப் போற சுத்துப்பாதை நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க. திரும்பும்போது கனியேரி ஏரிக்கரையில கட்டுச்சோத்தைப் பிரிச்சுச் சாப்பிடுங்க.

பௌனாமுன்னா அந்தப் பச்சைக்கல், ஜேட். ஊர் முழுக்கச் செதுக்கறவங்க பட்டறை இருக்கு, கண்ணு முன்னாடியே செதுக்குவாங்க. 1997ல சட்டப்படி அந்தக் கல் முழுக்க ங்காய் தாஹுங்கற மாவோரி மக்களோட சொத்துன்னு திருப்பிக் கொடுத்தாச்சு. கடற்கரையில கிடக்கற கல்லைப் பொதுமக்கள் பொறுக்கலாம், ஒரு நாளைக்கு ஒருத்தர் கையால தூக்கற அளவு, ஆனா ஆத்துல எடுக்கக் கூடாது, முக்கியமா அராஹுரா ஆறு. வாங்கறதா இருந்தா "இது இங்கத்த பௌனாமுவா, வெளிநாட்டு ஜேடா"ன்னு நேராக் கேளுங்க, கனடாவுல இருந்து, சீனாவுல இருந்து வர்ற கல்லும் விக்கறாங்க, நல்ல கடைக்காரர் ஒளிக்காமச் சொல்லிடுவார். விலை ஜாஸ்திதான், ஆனா கல்லும் கையும் ரெண்டும் அந்த ஊரோடதுன்னா எனக்கு அது தப்பாத் தெரியல.

சைவச் சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்பாதீங்க, ஒரு கஃபேல காய்கறியை உள்ள வெச்சுச் சுட்ட பை (pie) கிடைக்கும், பீட்சா கிடைக்கும், அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம். வைட்பெய்ட்னு மெனுவுல இருந்தா அது குட்டிக் குட்டி மீன், முட்டையோட கலந்து ஆம்லெட் மாதிரி வரும், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கிச்சன் வெச்ச மோட்டல் எடுத்து, சின்ன குக்கரும் அரிசியும் பருப்பும் கார்ல போட்டுக்கோங்க, காய்கறி, பால், தயிருக்கு ஊர்லயே சூப்பர் மார்க்கெட் இருக்கு. ரூம் சீக்கிரமே போடுங்க, பிப்ரவரி 6 வைட்டாங்கி நாள் லீவு, அந்த வாரக்கடைசி நிரம்பிடும். சேண்ட்ஃபிளைன்னு ஒரு குட்டிப் பூச்சி, கடிச்சா ஒரு வாரம் அரிக்கும், விரட்டற மருந்து கட்டாயம்.

மின்மினிப் புழு பாக்கணும்னா ஊரோட வடக்கு விளிம்புல, மெயின் ரோட்டை ஒட்டியே ஒரு பள்ளம் இருக்கு, காசு கிடையாது, பத்து மணிக்கு மேல நல்லா இருட்டினதும் போங்க, உள்ள போனதும் டார்ச்சை அணைச்சுடுங்க, வெளிச்சம் பட்டா அதுங்க ஒளியைக் குறைச்சுக்கும்.

ஆழமான சுரங்கம் பாக்கற ஆசைக்கும் ஒரு வழி இருக்கு. திரும்பி வரும்போது வந்த வழியே வராம, கிரேமவுத், ரீஃப்டன், லூயிஸ் பாஸ் வழியா வாங்க, நேரம் ரெண்டு மணி கூடும். ரீஃப்டன் பாறைக்குள்ள இருந்த தங்கத்தை வெட்டி எடுத்த ஊர். அது பக்கம் வையூட்டான்னு ஒரு இடம், 1906ல ஆரம்பிச்ச சுரங்கம், 879 மீட்டர் ஆழம், 1951ல குழி இடிஞ்சதும் ஜனங்க கிளம்பி ஊரே காலியாயிடுச்சு. உள்ள இறங்க முடியாது, மேல நின்னு பாக்கலாம். கடைசிப் பகுதி வளைஞ்சு வளைஞ்சு போற மண் ரோடு, அம்மாவுக்கு ஒத்துக்காதுன்னா ரீஃப்டன்லயே நிறுத்திக்கோங்க. கிளம்பற அன்னிக்குக் காலைல ரெண்டு பாஸும் திறந்திருக்கான்னு நெடுஞ்சாலைத் துறை சைட்ல பாருங்க, மலையில சிக்னல் நிறைய இடத்துல இருக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணிட்டு, டேங்கையும் நிரப்பிட்டுக் கிளம்புங்க.