கேள்வி–பதில்: வெண்கல பூட்ஸ், விஷம் வைத்த மரங்கள்

கே: அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்குப் பெயர் ஃபுட்பாலா? (வாசகர், கொடைக்கானல்)

ஆரம்பத்தில் காலுக்குத்தான் வேலை. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் தரப்புக்கு 25 பேரோடு ஆடிய முதல் ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தடை. ரட்கர்ஸ் 6–4 என ஜெயித்தது. 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் ஆடி, ஹார்வர்டு பல்கலைக்கழகம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பி பாணியைப் பிடித்துக்கொண்டது. கை அப்படி நுழைந்தது, பெயர் மாறவில்லை.

கே: மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்து இங்கே கல்லாகிறது. கீழேயிருந்து வரும் பையன்களுக்கு இருபதே நிமிஷத்தில் மூச்சு வாங்குகிறது. அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டா? (பயிற்சியாளர், உதகை)

முதலில் உங்கள் பந்து. மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு குறைவு. அந்த அளவுக்குப் பந்து உள்ளிருந்து விறைக்கும். குளிர் அதில் பாதியைத்தான் விழுங்கும். கீழே 11 பவுண்டு வைத்தால் இங்கே 12½ காட்டலாம். வெயிலில் கிடந்தால் இன்னும் ஏறும். பந்தை அரை மணி நேரம் மைதானத்தில் வைத்துவிட்டு, ஊசியை ஈரமாக்கிச் செருகி அளந்து, அப்புறம் காற்றை இறக்குங்கள். நம் கால்பந்து விதி அனுமதிப்பது 8.5 முதல் 15.6 பவுண்டு வரை.

அமெரிக்காவில் இதற்குப் பேர்போன இடம் வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி. 7,220 அடி, ஊட்டியைவிட நூறு அடி சொச்சம்தான் தாழ்வு. வருகிற அணியை மிரட்ட அந்த உயரத்தையே விளம்பரமாக்கிவிட்டார்கள். மெல்லிய காற்றில் உதைத்த பந்து கூடுதல் தூரம் போகும். ஆள் சீக்கிரம் களைப்பான். ஆட்டத்தன்றே ஏறி வந்து ஆடிவிடலாம், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் தங்கிப் பழகலாம். நடுவில் ஓரிரு நாள் மட்டும் தங்கினால் தலைவலியும் தூக்கக்கேடும்தான் மிச்சம்.

லாரமிக்கு ஜென்மப் பகை பக்கத்து மாநிலத்தின் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம். 1968-இலிருந்து இவர்கள் ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குப் பரிசு, வியட்நாம் போரில் ஓர் அதிகாரி போட்டிருந்த பூட்ஸ், வெண்கலம் பூசியது. நம் என்.சி.சி. மாதிரியான பயிற்சி மாணவர்கள் ஆட்டப் பந்தோடு தொடர் ஓட்டமாக மாநில எல்லைவரை வர, எதிர்க் கல்லூரி மாணவர்கள் அங்கே வாங்கிக்கொண்டு மைதானம்வரை ஓடுவார்கள்.

கே: தோற்ற கோபத்தில் மரத்துக்கே விஷம் வைத்தார்களாமே? (தேயிலைத் தோட்டக்காரர், கோத்தகிரி)

வைத்தவர் ஒருவர்தான், அலபாமா பல்கலைக்கழக அணியின் ரசிகர். அதே மாநிலத்தின் எதிரி அணியான ஆபர்ன் ஜெயித்தால், அந்த ஊரின் டூமர்ஸ் கார்னர் முனையிலுள்ள ஓக் மரங்களில் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசித் தோரணமாகத் தொங்கவிடுவது வழக்கம். 2010-இல் அலபாமாவிடம் 24–0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28–27 என ஜெயித்தது. அந்த மரங்களுக்கு அவர் போட்டது டெபுதையூரான் களைக்கொல்லி. இலையில் அடிக்கும் மருந்து போலல்ல இது. வேர் உறிஞ்சி, நீரோடு இலைக்கு ஏறி, வெயிலில் உணவு சமைக்கும் வேலையை முடக்கும். மரம் தளிர்க்கும், உதிர்க்கும், மறுபடி தளிர்க்கும். சேமிப்பு தீர்ந்ததும் சாகும். மண்ணைத் தோண்டி மாற்றியும் பிழைக்கவில்லை. 2013-இல் வெட்டி, 2015-இல் புது ஓக் நட்டார்கள். அவர் சிறைக்குப் போனார்.

கே: அமெரிக்க ராணுவ அகாடமி, கடற்படை அகாடமி ஆட்டத்தில் என்ன விசேஷம்? (வாசகி, வெலிங்டன்)

1890-இல் தொடங்கியது. முடிந்ததும் இரு அணிகளும் சேர்ந்து போய், தோற்றவர்களின் மாணவர் கூட்டத்தின் முன் நின்று அவர்கள் கல்லூரிப் பாட்டைப் பாடும்; அப்புறம்தான் ஜெயித்தவர்கள் பாட்டு. அதனால் அங்கே 'ரெண்டாவதாகப் பாடணும்' என்றால் ஜெயிக்கணும் என்று பொருள். கடற்படையின் அடையாளம் வெள்ளாடு, ராணுவத்தினுடையது கோவேறு கழுதை. ஆட்டத்துக்கு முன்னால் ஆடு களவு போவது பழைய கதை. 1991-இல் கழுதைகளையே கடத்தினார்கள்.