கவிதை எழுதும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மா,

அருப்புக்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூவில் தமிழில் 98, கணக்கில் 71. அவளுடைய கவிதைகள் இரண்டு சிற்றிதழில் வந்திருக்கின்றன. பி.ஏ. தமிழ்தான் படிப்பேன், கவிஞராகத்தான் வாழ்வேன் என்கிறாள். உங்கள் அண்ணனோ தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். நான்கு வருடத்துக்கு விடுதியோடு பத்து லட்சம் ஆகும் என்பதால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. பத்திரத்தை வைக்காதீர்கள். படிக்கப்போகிற பிள்ளை வேண்டாம் என்கிற படிப்புக்கு வீட்டை ஈடு வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும். பிடிக்காத பாடத்தில் அவள் அரியர் வைத்துக்கொண்டு நின்றாலும் அந்த வட்டி நிற்காது.

இன்னொன்றையும் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியலே படிக்க வைப்பதாக இருந்தாலும், அரசுக் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் அந்தச் சலுகை கிடையாது. அரசு செலவில் படிக்க வழி இருக்கும்போது பத்து லட்சம் கேட்கும் வாசலுக்கு ஏன் போகிறார்? நாலு பேர் மதிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த நாலு பேரும் தவணை கட்ட வரமாட்டார்கள்.

"கவிதையை ஓய்வு நேரத்தில் எழுதிக்கொள்ளட்டும்" என்று அவர் சொன்னாராம். வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் நிறைய உண்டு. கவிஞர் ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார். அதை நான் மறுக்கவில்லை. கடனை அடைப்பதற்காகப் பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு ஓய்வு நேரம் எங்கே இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

இனி மகளுக்கு. தமிழ் படிப்பது சரி. கவிதையை மட்டும் நம்பி வாழ்வேன் என்பது சரியில்லை. கணக்குப் போட்டுப் பார். உன் முதல் தொகுப்புக்கு விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள். கவிதைப் புத்தகம் 500 பிரதி விற்றால் அது நல்ல விற்பனை. பத்து சதவீத உரிமைத்தொகை என்றால் 7,500 ரூபாய். அதுவும் ஒரு வருடம் கழித்து வரலாம். இளம் எழுத்தாளர்களுக்கு சாகித்திய அகாதெமி தரும் யுவ புரஸ்கார் விருது 50,000 ரூபாய், அகாதெமியின் முதன்மை விருதே ஒரு லட்சம்தான். வாசிப்புக் கூட்டங்களில் பொன்னாடையும் பேருந்துக் கட்டணமும் தருவார்கள். கவிஞரின் வாழ்க்கைக்கு இவையெல்லாம் வேண்டும். வீட்டு வாடகைக்கு வேறொரு வருமானமும் வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி., பத்திரிகை வேலை, சினிமாப் பாட்டு ஆகியவற்றைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பெற்றோர் யாரும் கேட்காத ஒரு வழி இருக்கிறது: பி.ஏ. தமிழ், எம்.ஏ. தமிழ், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை, அப்புறம் முனைவர் பட்டம், கல்லூரி ஆசிரியர் பணி.

முதல் படி அரசுக் கலைக் கல்லூரி. மதுரை ஸ்ரீமீனாட்சி அரசு மகளிர் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். விண்ணப்பம் இணையவழியில், கட்டணம் ஐம்பது ரூபாய் அளவில். பி.ஏ. தமிழுக்கான தரவரிசையில் மொழிப்பாட மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், கணக்கு 71 அங்கே குறுக்கே வராது. அவளுடைய 98 போதிய பலம். படிப்புச் செலவு ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

கவிதை எழுதும் பெண்ணுக்கு இந்தப் படிப்பு என்ன தரும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். சங்கப் பாடல்களை வரி வரியாகப் படிப்பாள். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையை வைத்துக்கொண்டு அசை பிரிப்பாள், சீருக்கும் சீருக்கும் தளை பார்ப்பாள். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும். ஒரு வெண்பாவைத் தட்டுத்தடுமாறி முடித்துப் பார்த்தவளுக்குப் புதுக்கவிதையில் எந்த இடத்தில் வரியை உடைப்பது என்பதும் காதில் கேட்கும். பாரதிதாசன் 1909இல் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946 வரை அந்த வேலையில் இருந்தார். அப்துல் ரகுமான் வாணியம்பாடியில் பேராசிரியர், மு. மேத்தா சென்னை மாநிலக் கல்லூரியில். நாள் முழுக்கக் கவிதையைப் பாடம் நடத்தும் வேலையே அவர்களுக்குச் சோறு போட்டது.

எம்.ஏ.வுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள், அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ. கடைசி வருடத்திலேயே நெட் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. மொத்தம் 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இரண்டாம் தாள் தமிழ்ப் பாடம், தமிழிலேயே எழுதலாம். தமிழ் மாணவர்கள் சறுக்குவது முதல் தாளில். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது, அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுவது, தர்க்கம், ஆராய்ச்சி முறை என்று ஐம்பது கேள்வி. அவளுடைய 71 அங்கே கைகொடுக்கும். பி.ஏ. இரண்டாம் வருடத்திலிருந்தே தினம் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழ் படிக்கட்டும்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் முனைவர் பட்ட ஆய்வுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. முதல் இரண்டு ஆண்டில் மட்டும் 8,88,000 ரூபாய் அரசு அவளுக்குத் தருகிறது, படிப்பதற்கும் எழுதுவதற்கும். அண்ணன் கடன் வாங்கிக் கட்டச் சொல்லும் தொகையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் உள்ள கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஜே.ஆர்.எஃப். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அரசுக் கல்லூரி நியமனம் வருடக்கணக்கில் தாமதமாகும், அதுவரை தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக இருக்க வேண்டிவரலாம். அதனால் எம்.ஏ. முடித்ததும் பி.எட். படித்து வைத்துக்கொள்வது நல்லது. மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதும் தகுதி அதில் வந்துவிடும். பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே எழுதுவதும் முழுமையான கவிஞர் வாழ்க்கைதான். தூத்துக்குடியில் கவிஞர் தேவதேவன் அப்படித்தான் எழுதினார்.

புத்தகம் பற்றி மகளுக்கு ஒரு கண்டிப்பு. காசு வாங்கிக்கொண்டு தொகுப்பு போட்டுத்தருவதாக யார் கூப்பிட்டாலும் போகாதே. நல்ல பதிப்பகம் உன்னிடம் பணம் கேட்காது. பி.ஏ. முடியும்வரை தொகுப்பை நினைக்கவும் வேண்டாம். மாதம் ஒரு கவிதையை இதழுக்கு அனுப்பு, பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் அடுத்ததை எழுது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அங்கே போய் மற்றவர்கள் வாசிப்பதைக் கேள். பக்கத்துப் பள்ளியில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக் கொடு. கற்றுக்கொடுப்பது உனக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் என்னிடம் வா, வேறு வழி பேசலாம்.

அம்மா, முன்பணம் கட்டிய ரசீதை அண்ணனிடமிருந்து வாங்கி வையுங்கள். சேர்க்கை வேண்டாம் என்று கல்லூரிக்கு எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கவும் கூடாது. இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.