யாக்கோபின் பெத்லெகேம் (கடிதம்)

அன்புள்ள தம்பிக்கு,

மகள் உங்கள் பக்கத்தை என் போனில் எடுத்துக் கொடுத்ததிலிருந்து படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம்.

எனக்கு 76 வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன். போன ஜூலையில் மனைவி காலமானாள். சர்க்கரை, அப்புறம் கிட்னி. 48 வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அம்பாசமுத்திரத்தில் வேலை பார்த்தபோது மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அப்பா அவசர அவசரமாக எனக்குப் பெண் பார்த்தார். மகன் டெக்ஸாஸில், மகள் பெங்களூரில்.

கோயில் விஷயத்தில் நான் வாசல் வரைக்கும்தான். அவளை ஸ்கூட்டரில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று அரசியல் பேசிக்கொண்டிருப்பேன். இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் இல்லை. ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு, வீடுவீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகள் வந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். தட்டிக்கொண்டே இருந்ததால் திறந்தேன். பாடி முடித்ததும், வருஷாவருஷம் இங்கே காப்பி உண்டே என்று அடுப்படிக்குப் போனேன். சீனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஜூலையிலிருந்து எனக்கு மூன்று வேளையும் மெஸ் கேரியர்தான். பாடகர் குழுவில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறதாம், நேராக உள்ளே வந்து மேல்தட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, “ஆச்சி இதுலதான் தாத்தா வச்சிருப்பாங்க” என்றது. சீனி கட்டி பிடித்திருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி எடுத்து எல்லாருக்கும் அதுவே கட்டங்காப்பி போட்டது, எனக்கும் சேர்த்து.

பிள்ளைகள் போனபிறகு வெகுநேரம் அழுதேன். பண்டிகையன்று அதிகாலை நாலரை ஆராதனைக்கு நடந்தே போய் உள்ளே உட்கார்ந்தேன். திருவிருந்து எடுத்தேன். மனசு லேசானது. சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தேன். அதிலிருந்து தினமும் ஜெபிக்கிறேன்.

என் நண்பர், பழைய யூனியன்காரர், “தனியா இருக்கிறவனுக்கு ஒரு பிடிமானம் வேணும், அதைத்தான் நீ சாமிங்கிற” என்கிறார். அவர் சொல்வது சரியா? அவள் இல்லாத முதல் பண்டிகையிலேயே நான் சந்தோஷப்பட்டது சரியா? மகன் டெக்ஸாஸுக்கே வந்துவிடச் சொல்கிறான். என்ன செய்ய?

*

அன்புள்ள ஐயா,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று படுகிறது.

வேதாகமத்தில் விதவைகள் நிறைய. சாறிபாத் ஊர்க்காரி, நாயீன் ஊர்க்காரி, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டவள், தேவாலயத்தை விட்டு நீங்காத அன்னாள். மனைவியை இழந்த ஆண்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆபிரகாம் சாராளுக்காக அழுகிறார், 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து அடக்கம் பண்ண நிலம் வாங்குகிறார். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் மனைவி ஒரு சாயங்காலத்தில் இறந்துபோகிறாள். அழக் கூடாது என்று அவருக்கு முன்கூட்டியே உத்தரவு. அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மூன்றாவது ஆள் யாக்கோபு. உங்களுக்கு வேண்டியவர் அவர்தான்.

பெத்லெகேம் என்ற ஊர் வேதாகமத்தில் முதன்முதலில் வருவது ஆதியாகமம் 35-ஆம் அதிகாரத்தில். தாவீது பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. மேய்ப்பர், நட்சத்திரம் எதுவும் கிடையாது. ஒரு கல்லறையோடுதான் அந்த ஊர் உள்ளே வருகிறது. பயணத்தின் நடுவே யாக்கோபின் மனைவி ராகேலுக்குப் பிரசவ வலி வருகிறது. பிள்ளை பிழைக்கிறது, அவள் பிழைக்கவில்லை. ஊர் போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம்தான். அவளுக்காக 14 வருஷம் மாமனாரிடம் வேலை செய்தவர், வழியோரத்தில் அவளை அடக்கம் செய்து, மேலே ஒரு தூணை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறார்.

எத்தனையோ வருஷம் கழிகிறது. எகிப்தில் 147 வயதில் யாக்கோபு படுக்கையில் கிடக்கிறார். கண் மங்கிவிட்டது. ராகேல் பெற்ற யோசேப்பு தன் இரண்டு பிள்ளைகளையும் ஆசீர்வாதத்துக்குக் கூட்டிவருகிறான். யாருக்கு எந்தப் பங்கு என்று கிழவர் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் சம்பந்தமே இல்லாமல், ராகேல் வழியில் இறந்ததையும், பெத்லெகேமுக்குப் போகிற பாதையில் அவளைப் புதைத்ததையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, எதிரே நிற்கும் பேரன்களைப் பார்த்து “இவர்கள் யார்?” என்கிறார். அந்த வசனம் அந்த இடத்தில் ஏன் வருகிறது என்று வேத விளக்கக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு தாத்தா இருந்திருந்தால் அவர்களுக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்தது. மூன்றே வசனம் தள்ளி, அதே மனிதர் அந்தப் பேரன்களைக் கட்டி முத்தமிடுகிறார். உன் முகத்தையே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, தேவன் உன் பிள்ளைகளையும் காட்டிவிட்டார் என்று யோசேப்பிடம் சந்தோஷப்படுகிறார். ராகேலை மறந்துவிட்டா சந்தோஷப்பட்டார்? அவளுடைய பேரப்பிள்ளைகள்தானே அவை. உங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்த பெண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். வருஷக்கணக்காக உங்கள் மனைவி காப்பி போட்டுக் கொடுத்ததால்தான் அந்தப் பிள்ளைக்கு அந்த மேல்தட்டு தெரிந்திருக்கிறது.

சுவிசேஷம் எழுதிய மத்தேயுவும் ராகேலை விடவில்லை. ஏரோது ராஜா பெத்லெகேமின் குழந்தைகளைக் கொன்றதை எழுதும்போது அவளுடைய அழுகையைக் கொண்டுவந்து வைக்கிறார். ஞாயிறு பள்ளி நாடகத்தில் நாம்தான் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி திரும்பி வந்ததும் இதே ஊருக்குத்தான். கடைசியில் அவள் மடிக்கு ஒரு குழந்தை வந்து சேர்கிறது. பெத்லெகேமின் பழைய கதை அப்படி இருக்க, அழுதுவிட்டுச் சந்தோஷப்பட்டதற்கு நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. தனிமை இல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் நாலரை மணிக்கு நடந்து போயிருக்க மாட்டீர்கள். ஆனால் தேவையினால் வந்தது என்பதற்காக வந்தது பொய்யாகிவிடுமா? மெஸ் சாப்பாடு வயிற்றைக் கெடுத்ததால் நடந்த கல்யாணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 48 வருஷத்தில் ஒரு நாளாவது அதனால் அது பொய்க் கல்யாணம் என்று தோன்றியதுண்டா? நண்பரிடம் இதைக் கேளுங்கள். யூனியன்காரர், பதில் வைத்திருப்பார். வாக்குவாதம் நல்லது, சாயங்காலம் போகும். அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சீனிக்கு வருகிறேன். அதை நீங்கள் சிறிய விஷயம்போல எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை ஒன்பது வருஷம் தொடர்ந்து கவனித்து, 1969-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் இறந்தவர்கள் 213 பேர். அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகம். அந்த அதிகரிப்பு பெரிதாகத் தெரிந்தது இதய நோயில். நம் வீடுகளில் காரணத்தைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். பால்காரன் பெயர், பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த மாத்திரை காலையில் எந்த மாத்திரை ராத்திரி, எல்லாமே மனைவி வழியாகத்தான் வருகிறது. அவள் போனால் தெருவே போய்விடுகிறது. உங்களுக்கு முதல் ஆறு மாதம் கடந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இருந்தாலும் இந்த வாரமே ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கேரியரை ஒரு வேளையாவது நிறுத்திவிட்டு, கஞ்சியோ உப்புமாவோ, நீங்களே அடுப்பைப் பற்றவையுங்கள்.

சபையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. விதவையான அம்மாவின் வீட்டுக்குப் பெண்கள் ஐக்கியத்தார் போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பேசிவிட்டு வருகிறார்கள். பெண் இல்லாத வீட்டுக்கு அவர்கள் போகத் தயங்குகிறார்கள், அது இயல்புதான். ஆண்களோ அடக்கத்துக்கு வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போவதோடு சரி. அதனால் யாராவது வருவார்கள் என்று காத்திருக்காமல், நீங்களே சபைப் போதகர் ஐயரைப் போய்ப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்று சொன்னால் எந்தச் சபையும் உங்களை விடாது, அசன விருந்துக் கணக்கையாவது கையில் கொடுத்துவிடும். வேப்பமரத்தடி வெட்கமெல்லாம் வேண்டாம். உங்கள் ஊரில் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துக் கோயில் 1826-இலிருந்து நிற்கிறது. வாசலோடு நின்றுகொண்ட கணவர்களை அது எத்தனை தலைமுறையாகப் பார்த்திருக்கும்!

ஒரே ஒரு எச்சரிக்கை. ராத்திரி தூக்கம் வராமல் டிவியைப் போட்டால், தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைத்தே பேசுகிற ஊழியக்காரர்கள் சிலர் வருவார்கள். திரையில் வங்கிக் கணக்கு எண் ஓடினால் அணைத்துவிட்டு, ஏசாயா 46-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். “நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்” என்று நாலாம் வசனத்தில் இருக்கிறது. அதற்குக் காணிக்கை கேட்கவில்லை.

டெக்ஸாஸ் விஷயம். போய்விட்டு வாருங்கள், ஆனால் இப்போதே குடியேற வேண்டாம். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகும்வரை வீடு, நிலம், ஊர் எதிலும் பெரிய முடிவு எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். விசிட்டர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள். கோடையில் போனால் பேரப்பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. நவம்பருக்குள் திரும்பிவிடுகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள். வீட்டை விற்பதைப் பற்றி மகன் பேச்செடுத்தால், அடுத்த வருஷம் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.